கொந்தளிக்குங் கடலில் விரைவுப் படகுகள்: பழையனவும் புதியனவும்

விரைந்தோடும் மோட்டார்ப் படகுகளை விரும்புவோர் இரு சாராராய்ப் பிரிந்து வழக்கிடுதல் மேலைநாட்டுத் துறைமுகங்களில் நெடுங்காலமாக நிகழ்ந்துவருவதொன்று. பழைய படகே பாரமும் உறுதியும் உடையது, அலைக்கு அஞ்சாதது, இக்காலத்துப் படகு வெறும் ஓடு என்பர் ஒரு சாரார். பழைய படகு கண்ணுக்கு இனியதேயன்றி வேறில்லை, கடலில் எலும்பை முறிக்கும், கரையிற் கைப்பொருளை விழுங்கும் என்பர் மற்றைச் சாரார். இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இரு சாராரும் படகை அது பிறந்த ஆண்டைக்கொண்டே அளக்கின்றனர் என்பது எமது கருத்து. அளக்கவேண்டியது படகின் அடியை. அலை வந்து மோதுவது ஆங்கேயாம். உடையவன் செலவிடும் பணத்திற் பெரும்பகுதியும் சுற்றிவளைத்து ஆங்கேதான் சென்று சேர்கின்றது.

இதனை விளங்கிக்கொள்ள, விரைவுப் படகு நீரில் எவ்வாறு ஓடுகின்றது என்பதை முதற்கண் நோக்குவாம். மெல்லச் செல்லும் படகு தான் விலக்கும் நீரின் நிறைக்கேற்ப மிதக்கின்றது; இஃது ஆக்கிமிடீசின் தத்துவம். கதி கூடக்கூடப் படகு நீரை விலக்குவதை விட்டு அதன்மேல் ஏறிச் சறுக்கத் தொடங்குகின்றது. குளத்து நீரில் ஓட்டாஞ்சில்லைக் கிடையாக எறிந்து, அது தத்தித் தத்திச் செல்வதைக் கண்டு மகிழாத சிறுவர் இலர். சில்லைத் தாங்குவது மிதப்பன்று. கீழ்நோக்கித் தள்ளப்பட்ட நீரின் எதிர்விசையே. விரைவுப் படகும் அத்தகையதே. முழுவேகத்தில் ஓடும்போது அதன் அணியம் காற்றில் நிற்கும். பின்பகுதியிற் சிறிதளவே நீரைத் தொடும். இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

தட்டையான சில்லே நன்கு தத்தும். அவ்வாறே, தட்டையான அடியே குறைந்த வலுவோடு நீர்மேல் எழும். ஆதிகாலத்து இயந்திரங்கள் பாரம் மிக்கனவாயும் வலுக் குறைந்தனவாயும் இருந்தமையாற் படகமைப்போர் தட்டையடியையே நாடினர். 1903ஆம் ஆண்டு அயர்லாந்தின் குவீன்ஸ்ரவுண் துறையில் முதலாவது ஹாம்ஸ்வேர்த் கிண்ணத்தை வென்ற நேப்பியர்ப் படகு மணிக்கு 20 மைலைத்தானும் எட்டியதன்று. மூன்று பதிற்றாண்டுகளுக்குள், 1932இல், அமெரிக்கரான கார் வூட் தமது ‘மிஸ் அமெரிக்கா 10’ என்னும் படகில் நான்கு பக்காட் இயந்திரங்களைப் பூட்டி மணிக்கு 124 மைலைக் கடந்தார். அவர் ஓடியது சென் கிளெயர் என்னும் ஆற்றில் என்பதை மறத்தலாகாது. அக்காலத்துப் புகழ்பெற்ற மகோகனிப் படகுகள் பலவும் ஏரியிலும் ஆற்றிலும் பிறந்தவையே. மிச்சிக்கன் மாநிலத்து அல்கோனாக்கிற் பிறந்த கிறிஸ் கிராவ்ற் படகுகளும், இத்தாலியின் இசேயோ ஏரிக்கரையிலுள்ள சார்னிக்கோவில் 1962 முதல் 1996 வரை கட்டப்பட்ட ரீவா ‘அக்குவாராமா’வும் இவ்வினத்தன. மெருகேற்றிய மரமும் மின்னும் உலோகமுமாகிய அக்குவாராமாவை நாடகமேடையில் நிற்கும் நடிகைக்கு ஒப்பிடலாம். மேடைக்கு வெளியே, கொந்தளிக்குங் கடலுக்கு, அவளை இட்டுச்செல்லுதல் அவள்மீது அன்புடையார் செய்யும் செயலன்று.

இம்மரப்படகுகளின் அணியம் கூர்மையானதன்றோ, அஃது அலையைக் கிழிக்காதோ என ஒருவர் வினவலாம். நல்ல வினா. மெல்லச் செல்லும்போது அது கிழிக்கவே செய்யும். ஆனால் கூர்மையாகத் தொடங்கும் அடி பின்னோக்கிச் செல்லச் செல்ல முறுக்கப்பட்டுப் பின்புறத்திற் பலகைபோல் தட்டையாகிவிடுகின்றது. விரைந்தோடும்போது அணியம் காற்றில் நிற்கும் என்றோம். அப்பொழுது அலையின்மேல் விழுவது அந்தத் தட்டைப் பகுதியே. உள்ளங்கையை விரித்து நீர்மேல் ஓங்கி அடித்துப் பார்த்தவர்க்கு அதன் விளைவு தெரியும். அதே கையை விளிம்புப்பக்கமாக இறக்கினால் நோவு தோன்றாது.

இவ்வடி எத்தனை முறை விழுகின்றது என்பதைச் சிறு கணக்கொன்றாற் காட்டலாம். அலைமுடிகளுக்கிடையே 20 மீற்றர் இடைவெளி உள்ள கடலை எடுத்துக்கொள்வோம். அத்தகைய அலை ஆழ்கடலிற் செக்கனுக்கு ஏறத்தாழ 5.6 மீற்றர் கதியில் வரும். அதற்கெதிரே 30 நொட் கதியில், அதாவது செக்கனுக்கு 15.4 மீற்றர் கதியில், ஒரு படகு சென்றால் ஒவ்வொரு செக்கனிலும் ஓர் அலையைச் சந்திக்கும். ஒரு மணி நேரத்தில் 3,700க்கு மேற்பட்ட அலைகள்! கதியை 50 நொட்டாக உயர்த்தினால் அத்தொகை 5,600ஐக் கடக்கும். சில அலைகளின் மேலாகப் படகு பறந்துவிடும் என்பது உண்மையே. பறந்தது விழவும் வேண்டுமன்றோ? அடிகளின் தொகை மட்டுமன்றி அவற்றின் வன்மையும் கூடுகின்றது. நீர் தரும் அமுக்கம் மோதற் கதியின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால் 30 நொட்டுக்கும் 50 நொட்டுக்கும் உள்ள வேறுபாடு இருமடங்கையும் விஞ்சும். இவ்வடிகளை ஏற்பது மரமோ கண்ணாடியிழையோ மட்டுமன்று. ஓட்டுபவனுடைய முள்ளந்தண்டும் ஏற்கின்றது. தொழிலாளர் உடல்மீது படும் அதிர்வுக்கு எல்லை வகுத்து ஐரோப்பிய ஒன்றியம் 2002இற் பணிப்புரையொன்றை இயற்றியபோது, மீட்புப் படகுகளிலும் ரோந்துப் படகுகளிலும் பணிபுரிவோர் அவ்வெல்லையை எளிதிற் கடந்துவிடுகின்றனர் என்பது பெருஞ்சிக்கலாயிற்று.

இந்நிலையை மாற்றியவர் றேமண்ட் ஹன்ற் என்னும் அமெரிக்கப் படகமைப்பாளர். அடியின் இருபுறமும் ஏராவிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்து எழும் கோணத்தை அடிச்சாய்வு என்று நாம் வழங்குவோம். பிறர் பின்புறத்தில் அச்சாய்வைக் குறைத்துத் தட்டையாக்க, ஹன்ற் ஏறத்தாழ 24 பாகைச் சாய்வைப் பின்சுவர் வரையிற் குறையாது கொண்டுசென்றார். அடியின் நெடுகே ஒடுங்கிய படிகள்போன்ற வரிகளை அமைத்து, அவை நீரைப் பக்கவாட்டிற் சிதறவிடாது கீழ்நோக்கித் திருப்பித் தூக்குவிசை தருமாறுஞ் செய்தார். 1958இல் அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் போட்டி நடைபெற்ற நியூபோட் கடலில், இத்தகைய 23 அடிப் படகொன்று கொந்தளிப்பினூடே இலகுவாகச் செல்வதை மயாமிப் படகு வணிகரான றிச்சட் பேட்றம் கண்டார். கண்டவர் தமக்கென 31 அடிப் படகொன்றை அவ்வடிவிற் செய்வித்து, மனைவியின் செல்லப்பெயரால் ‘மொப்பி’ என்று பெயரிட்டார்.

1960ஆம் ஆண்டு மயாமியிலிருந்து பகாமாசின் தலைநகராகிய நசோ வரை, ஏறத்தாழ 180 மைல் தூரத்துக்கு நடந்த ஓட்டத்திற் கடல் மிகக் கொந்தளித்தது. அலைகள் எட்டடி வரை எழுந்தன. மொப்பி 8 மணி நேரத்தில் நசோவை அடைந்தது. இரண்டாவதாக வந்த படகு இரண்டு மணி நேரம் பிந்தியது; அதுவும் ஹன்ற் வரைந்த 23 அடிப் படகே. ஏனையவை மறுநாளே வந்துசேர்ந்தன. மொப்பியின் சராசரிக் கதி மணிக்கு 23 மைல் அளவினதே என்பது ஈண்டு நோக்கற்பாலது. கார் வூட் ஆற்றிற் காட்டிய கதியில் ஐந்திலொரு பங்குதானும் அஃதன்று. பிறர் மெதுவாகச் செல்லவேண்டிய கடலில் அக்கதியை விடாது பிடித்து ஓடியமையாலேயே அது வென்றது. கொந்தளிக்குங் கடலிற் படகின் திறமைக்கு இதனினும் நல்ல அளவுகோல் எமக்குத் தெரியவில்லை. மொப்பியை அச்சாகக் கொண்டு கண்ணாடியிழையில் வார்க்கப்பட்ட ‘பேட்றம் 31’ படகுகள் 1961 முதற் சந்தைக்கு வந்தன. 1980களின் முற்பகுதிவரை 1,800க்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. ஹன்றுக்கோ காப்புரிமை கிட்டவில்லை. விண்ணப்பிக்குமுன்பே அவ்வடிவம் பத்திரிகையொன்றில் வெளிவந்துவிட்டமையே காரணம். ஆதலின் உலகமனைத்தும் அதனை விலையின்றிப் பெற்றுக்கொண்டது.

மரமே பழமையின் குறை என்று கருதுவோரும் உளர். அது பிழை. கராச்சியிற் பிறந்து, பம்பாயிலே தந்தையாரின் படகுத்துறையிற் பணியாற்றிப் பின் இத்தாலிக்குச் சென்ற றெனாற்றோ லெவி என்பவர் கூரிய அடியுள்ள தமது ‘ஏ ஸ்பெரான்சியெல்லா’வை மரத்திலேயே அமைத்தார். அது 1963இல் இங்கிலாந்தின் கௌஸ் – டோர்க்கீ கடலோட்டத்தில் வெற்றிபெற்றது. கடல் அறிவது அடியின் வடிவத்தையே. அது மரமா பிளாஸ்ரிக்கா என்பதையன்று. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அறிவது உடையவனின் பணப்பை. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

கூரிய அடியும் விலையின்றிக் கிடைப்பதன்று. அது நீர்மேல் எழக் கூடிய வலு வேண்டும். ஆகவே எரிபொருளும் கூடும். நிற்கும்போது இருபுறமும் உருளும். மீன்பிடிக்கவென்று இயந்திரத்தை நிறுத்திக் குறுக்கலையிற் கிடந்தவர் வயிறு அதனை அறியும். பேட்றம் 31 அலையை மெத்தெனக் கடப்பதிற் பெயர்பெற்றதுபோலவே, பக்கக் காற்றில் உள்ளிருப்போரை நனைப்பதிலும் பெயர்பெற்றது. இன்னுமொன்று: கூரிய அணியம் பின்வரும் அலையின் சரிவில் இறங்கி முன்னலையிற் புதையுமானால், அதுவே சுக்கான்போல் நின்று படகைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். எதிரலையில் நண்பனாய் இருந்தது பின்னலையிற் பகைவனாகும் இடம் இது.

இனி, இக்காலத்துப் படகு எதனைச் சேர்த்தது? அடியின் அடிப்படை வடிவத்தைப் பொறுத்தவரை மிகுதியாக ஒன்றையுஞ் சேர்க்கவில்லை என்பதே வியப்பு. இன்று 60 நொட்டில் ஓடும் கடற்படகின் அடியைக் கவிழ்த்துப் பார்த்தால் ஹன்றின் சாய்வை அங்கே காணலாம். சேர்க்கப்பட்டவற்றுள் முதன்மையானது குறுக்குப்படி. அடியை ஓரிடத்திற் குறுக்கே வெட்டிப் படியாக்கினால் அவ்வெட்டினூடே காற்று உறிஞ்சப்பட்டு அடிக்கும் நீருக்கும் இடையே புகும்; உராய்வு குறையும். இதுவும் முற்றிலும் புதியதன்று. 1912இல் ஹாம்ஸ்வேர்த் கிண்ணத்தை வென்ற ‘மேப்பிள் லீவ் 4’ படிகள் உடையதே. அப்படியைக் கூரிய அடியோடு வெற்றிகரமாக இணைத்தமையே பிற்காலத்தார் செய்தது. அதிற் பயன் பெரிது, இடரும் உண்டு. முழுவேகத்திற் கூர்மையாகத் திருப்பினாற் படியமைந்த அடி நீரிற் பிடியிழந்து திடீரெனச் சுழலக்கூடும். பழக்கமற்ற கைக்கு அதனைக் கொடுத்தல் தகாது.

இரண்டாவது சேர்க்கை இலேசு. வெற்றிட முறையாற் பிசினூட்டிய இழைத்தட்டும், இரு தட்டுகளுக்கிடையே நுரைப்பொருளும், விலைகூடிய படகுகளிற் காபன் இழையும் நிறையைப் பெரிதுங் குறைத்துவிட்டன. இங்கேதான் பழைய படகை விரும்புவோர் சொல்லும் நியாயம் வலுப்பெறுகின்றது. விசை ஒன்றாயின் திணிவு குறைந்த பொருள் கூடிய ஆர்முடுகலைப் பெறும். நியூற்றனின் இரண்டாம் விதியைப் படித்த மாணவர் இதனை அறிவர். 10,000 இறாத்தலுக்கு மேற்பட்ட பேட்றம் 31ஐ இருபது நொட்டிற் செலுத்துபவன், அதே நீளமுள்ள இலேசான புதிய படகைக் காட்டிலும் மென்மையாகச் செல்கின்றேன் என்றால் அவன் பொய்யுரைக்கவில்லை. ஆனால் ஒப்பீட்டை நிறையளவிற் செய்தால் முடிவு மாறும். அந்நிறையில் இன்று அதனினும் நீண்ட படகைக் கட்டலாம். நீண்ட படகு இரண்டு அலைமுடிகளை ஒருங்கே தாங்கிச் செல்லும். அஃதன்றி அதிர்ச்சியுறிஞ்சும் ஆசனம், அடியின் சாய்நிலையைத் திருத்தும் தகடுகள், நிற்கும்போது உருளலைத் தடுக்கும் கைரோச் சில்லு என்பன புதிய படகுக்கு வாய்த்துள்ளன. ஓட்டுபவன் வீழ்ந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றையும் இங்குச் சேர்க்கவேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 26 அடிக்குட்பட்ட படகுகளில் அதன் பயன்பாடு 2021 ஏப்பிரல் முதற் சட்டமாயிற்று. இவற்றுட் பலவற்றைப் பழைய படகிலும் பொருத்தலாம் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

செலவை நோக்குவாம். படகின் விலையிற் பத்திலொரு பங்கு ஆண்டுச் செலவாகும் என்பது படகுடையார் வாய்வழக்கு. இவ்வழக்குப் புதிய படகுக்கு ஓரளவு பொருந்தும். பழைய படகு வாங்குபவனையோ குழியில் தள்ளும். எடுத்துக்காட்டாக, புதிதாய் வாங்கின் 400,000 டொலர் பெறும் அளவினதான படகொன்று பழையதாய் 40,000 டொலருக்குக் கிடைக்கின்றது எனக் கொள்வோம். வாங்குபவன் ஆண்டுக்கு 4,000 டொலர் போதும் என்று கணக்கிடுகின்றான். படகுத்துறையார் வாடகையை நீளத்தைக்கொண்டு அறவிடுகின்றனர். அடிக்குப் பூசும் வண்ணம் பரப்பைக்கொண்டு செலவாகின்றது. இயந்திரம் வலுவைக்கொண்டு விலைபெறுகின்றது. இவற்றுள் ஒன்றேனும் அவன் கொடுத்த 40,000த்தை அறியாது. பழைய படகின் பராமரிப்பு அதன் இன்றைய விலையைச் சார்ந்ததன்று. அத்தகைய புதிய படகின் விலையைச் சார்ந்தது. இவ்வுண்மையை அறியாது வாங்கி, பாதியிற் கைவிட்ட படகுகள் துறைமுகங்களின் பின்புறத்திற் புல்லினிடையே கிடக்கின்றன.

பழைய மரப்படகின் செலவு பெரும்பாலுங் கூலியே. மகோகனிப் பலகைகளை இரண்டு அடுக்காக வைத்து, இடையே பசையூட்டிய கன்வசுத் துணியிட்டு அடியமைத்தனர் அக்காலத்தார். குளிர்காலம் முழுதுங் கரையிற் காய்ந்த பலகை வசந்தத்தில் நீரையுண்டு பருத்து மூட்டுகளை அடைக்கும்வரை, படகைத் தூக்குவாரிலே தொங்கவிட்டு ஊறவைத்தல் வேண்டும். இருபடுக்குள் நீர் புகுந்து உக்கிய காலத்தில் அடி முழுவதையுங் கழற்றிப் புதிதாக அமைப்பதன்றி வேறு வழியில்லை. வார்னிசு ஆண்டுதோறும். ஆயினும் தேடுவாருள்ள மரப்படகு விலைகுன்றுவது அரிது. செலவிட்டவன் அதிற் சிறிதளவையேனும் மீட்கக்கூடும்.

பழைய கண்ணாடியிழைப் படகு வேறு வகையில் ஏமாற்றும். அப்புதுப்பொருளை முற்றும் நம்பாத முன்னோர் தட்டைத் தடிப்பாக வார்த்தனர். ஆகையால் வெளியோடு பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். உள்ளே இழையாற் போர்த்து மறைத்த மரச்சட்டங்களும், மேற்றளத்துள் வைத்த பல்சா மரமும் திருகாணித் துளைவழியே நீரையுண்டு உக்கியிருத்தல் பல படகுகளிற் கண்டது. இன்னும் எதிர்பாராத இடத்திலிருந்தும் இடர் வரலாம். 2000களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் வடகீழ்க் கரையிற் பெற்றோலுடன் எதனோல் கலக்கத் தொடங்கியபோது, பழைய கண்ணாடியிழை எரிபொருட்டாங்கிகளின் பிசின் அதிற் கரைந்து, கரிய பசையாய் இயந்திர வாயில்களிற் படிந்தது. பல்லாண்டு குறையின்றி உழைத்த படகுகளின் தளத்தை வெட்டித் தாங்கியை மாற்றவேண்டியதாயிற்று. உடையவர் செய்த தவறு யாதும் இல்லை. பெற்றோல் உள்ளிணைப்பு இயந்திரமுள்ள எந்தப் படகிலும் ஆவி அடித்தளத்தில் தேங்கும் என்பதையும், இயக்குமுன் 4 நிமிடமேனும் ஊதுவிசிறியை ஓடவிடவேண்டும் என்பதையும் இங்கு நினைவூட்டல் தகும்.

புதிய படகில் மறைந்த உக்கல் இல்லை. மறைந்த செலவு உண்டு. அது விலைக்குறைவு. வாங்கிய முதலாண்டுகளில் அதுவே எரிபொருளையும் வாடகையையும் விஞ்சக்கூடும்; பட்டியல் எழுதி எவரும் அதனைக் கேளாமையால் உடையவன் விற்கும் நாளிலேதான் உணர்கின்றான். எரிபொருளும் சிறிதன்று. பெற்றோல் இயந்திரம் ஒரு பரிவலுவுக்கு மணிக்கு அரை இறாத்தல் பெற்றோலை எரிக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. 300 பரிவலு வெளியிணைப்பு இயந்திரங்கள் இரண்டு முழுவலுவில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 185 லீற்றர் செலவாகும். இன்று மூன்றும் நான்கும் வரிசையாய்ப் பூட்டுகின்றனர்; 2021இல் 600 பரிவலுவுள்ள பன்னிரு உருளை இயந்திரமொன்றும் சந்தைக்கு வந்தது. இவ்வியந்திரங்கள் பழையனவற்றினும் அமைதியானவை, சிக்கனமானவை. நீரிலிருந்து உயர்த்தி வைக்கலாம். கழற்றி மாற்றுதலும் எளிது. ஆனால் பழுதுற்றால் உற்பத்தியாளரின் கணினியைக் கொண்டுவரும் வினைஞர் வேண்டும். பழைய இரும்பு இயந்திரத்தைச் சாவியும் பொறுமையும் உள்ள உடையவனே திருத்திக்கொள்வான். அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகளுக்கு விலையில்லை என்று அவனே கருதுவானாயின், பழைய படகு மலிவானதே.

இக்காரணங்களால், திறந்த கடலுக்குப் போகின்றவர் ஏரியிற் பிறந்த தட்டையடிப் படகை அதன் அழகுக்காக வாங்குதல் தகாது என்பதிலும், ஆழ்ந்த அடிச்சாய்வுள்ள பழைய கண்ணாடியிழைப் படகிற் புதிய இயந்திரமும் நல்ல ஆசனமும் பூட்டுவது, கைத்தொழில் அறிந்தவர்க்கு இடைவழியாய் அமையும் என்பதிலும் எமக்கு ஐயமில்லை. கைத்தொழில் அறியாதவர், கதி குறைந்ததாயினும் நான்கைந்து ஆண்டு ஓடிய புதிய வகைப் படகை நாடுவது நன்று. விலைக்குறைவின் பெரும்பகுதியை முதலுடையவன் செலுத்தியிருப்பான். எதனை வாங்கினும் சோதனையோட்டத்தை விற்பவர் காற்றில்லாத காலையிலேயே வைப்பர். வாங்குபவர் காற்றுப் பலத்த பிற்பகலைக் கேட்டுப் பெறவேண்டும். எதிரலையில் 20 நொட்டில் அரை மணி நேரம், பின் திரும்பி அலை துரத்திவர அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கவேண்டும்; அதன்பின் இயந்திரத்தை நிறுத்திக் குறுக்கலையிற் கால் மணி நேரம் கிடக்கவேண்டும். கரைசேர்ந்ததும் தளப்பலகையைத் தூக்கி, புறப்படுமுன் உலர்ந்திருந்த அடித்தளத்தில் இப்போது எவ்வளவு நீர் நிற்கின்றது என்று பார்க்கவேண்டும்.